ஆல்ட்டோவின் பெரியப்பா

வேலூர்க் கோட்டைக்குள் 1846 முதல் நிற்கும் புனித யோவான் ஆலயமானாலும் சரி, ஆம்பூர் லுத்தரன் சபையானாலும் சரி, டிசம்பர் கீத ஆராதனையில் இவரைப் பார்க்காமல் வர முடியாது. மூன்றாம் பெஞ்சில் கைக்குட்டை, பாட்டுப் புத்தகம், பேத்தியின் ஸ்வெட்டர் என்று ஆளுக்கொன்றாகப் போட்டு இடம் பிடித்திருப்பார். பாட்டுக் கேட்க வந்தவரல்ல. பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடும் தம்பி மகளைக் கேட்க வந்த பெரியப்பா. சங்கீதம் தெரிந்தவர்கள் இவரைக் கண்டால் முகம் சுளிக்கிறார்கள். அந்தக் கூட்டத்திலேயே சரியான விமர்சகர் இவர்தான் என்பது என் கட்சி.

சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என நான்கு குரல்களையும் வாரக்கணக்கில் சோல்ஃபா சொல்லிப் பழக்குவதே, ஒருவர் குரலும் தனியே துருத்தக் கூடாது என்பதற்காகத்தான். ஆம்பூர் ஷூவும் அப்படித்தானே? அப்பர் தைத்த கை வேறு, சோல் ஒட்டிய கை வேறு. போட்டு நடப்பவருக்கு ஷூ மட்டும் தெரிந்தால் போதும். அதைக் கையிலெடுத்து, "எங்க பொண்ணு போட்ட தையல் எது?" என்று தேடுகிறவர் நம் பெரியப்பா. காதோரம் கைகுவித்து, கண்ணை மூடி, நாற்பது தொண்டைகளுக்கு நடுவே ஒன்றைத் துழாவுகிறார். முடிவில் அவர் சொல்லும் குறை: "பாப்பா சத்தமே கேக்கலியே, மைக்கைக் கொஞ்சம் பக்கத்துல வெச்சிருக்கக் கூடாதா?" இதைவிடப் பெரிய பாராட்டு எந்தக் குழுத் தலைவருக்குக் கிடைக்கும்? மெய்மறந்து கேட்டவருக்குப் பிசிறு தெரியாது. உயிரைக் கொடுத்துத் தேடியவருக்கும் அகப்படவில்லை என்றால்தான் குரல்கள் கலந்தன என்று அர்த்தம்.

ஆராதனை என்ன, பிள்ளையைப் பார்க்கும் இடமா என்று கேட்கலாம். கலப்பில்லாத பக்தியோடுதான் வரவேண்டும் என்றால் ஹாண்டலின் 'மெசியா'வே அரங்கேறியிருக்காது. 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் நடந்தது மருத்துவமனைக்கும், கடனுக்காகச் சிறைப்பட்டோரின் மீட்புக்கும் பணம் திரட்டிய கச்சேரி. இன்னும் பலருக்கு இடம் கிடைக்கட்டும் என்று, பெண்கள் வளையம் வைத்த பாவாடையையும் ஆண்கள் வாளையும் வீட்டிலேயே விட்டுவரும்படி கேட்டுக்கொண்டார்கள். பக்திக்காக வந்தவர் யார், பவிசுக்காக வந்தவர் யார் என்று வாசலில் யாரும் பிரிக்கவில்லை. "'மெசியா'வின் அல்லேலூயாவுக்கு ஏன் நிற்கிறோம் என்றாவது இவருக்குத் தெரியுமா?" என்பது அடுத்த குற்றச்சாட்டு. இரண்டாம் ஜார்ஜ் மன்னர் எழுந்தார், சபையும் எழுந்தது என்பது கதை. அதைச் சொல்லும் கடிதமோ 1780-இல், மன்னர் செத்து இருபது வருஷம் கழித்து எழுதியது. பெரியப்பா எழுவதற்குக் கண்கண்ட காரணம் இருக்கிறது: முன்பெஞ்சு எழுந்துவிட்டது, பாப்பா மறைந்துவிட்டாள்.