பத்திரத்தை விடத் தடியான ரிப்போர்ட்

வா மாப்ளே, திண்ணையில உட்காரு. என்ன அது கக்கத்துல, பத்திர ஆபீசுக்குப் போயிட்டு வர்றியா? ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டா! நாலு தலைமுறை நிலத்துக்கு எங்க தாத்தா வச்சிருந்த பத்திரமே இத்தனை தடியில்லப்பா.

உங்க சித்தப்பனுக்கு வாய் கோணி, ஒரு பக்கம் விழுந்ததுல நீ மிரண்டுட்ட. மிரள வேண்டியதுதான். அதுக்குன்னு உடம்புல ஓடுற ரத்தத்துல பாதியை லேப்புக்காரனுக்குத் தாரை வார்த்துட்டியே!

சரி, படி. ஹோமோசிஸ்டீன் கூடுதலா? பி12 குறைஞ்சா அது ஏறும். கறி மீனு தொடாத உனக்கு ஏறாம யாருக்கு ஏறும்? சிஆர்பியா? உடம்புல எங்க அழற்சி இருந்தாலும் அது கூடும். உன் சொத்தைப்பல்லுக்குக்கூட ஏறும்யா. லிப்போபுரோட்டீன் ஏ பரம்பரையா வர்றது; ஆயுசுக்கு ஒருதரம் பார்த்தாலே பெரும்பாலும் போதும். உங்கப்பன் நிலத்தை வித்துட்டாலும் இதையாவது மிச்சம் வச்சிருக்கானே!

நெஞ்சுவலின்னா, அது மாரடைப்பான்னு ட்ரோபோனின்னு ஒரு பரிசோதனை காட்டிக் கொடுத்துடும். மூளையில அடைப்புன்னு அடிச்சுச் சொல்ல அப்படியொரு ரத்தப் பரிசோதனை ஆஸ்பத்திரிப் புழக்கத்துல இன்னும் இல்ல. அடைப்பா, ரத்தக் கசிவான்னு சிடி ஸ்கேன்தான் சொல்லணும். ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போடுறதுக்கு முன்னால பெரும்பாலானவங்களுக்குக் கட்டாயம் பார்க்குற ரத்தக் கணக்கு ஒண்ணே ஒண்ணு, சர்க்கரை. அது ரொம்ப இறங்கினாலும் ஆளு பக்கவாதம் வந்தவன் மாதிரியே குழறுவான்.

அந்த ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. உங்க சித்தப்பனுக்குக் காலையில வாய் கோணிச்சு. புறா ரத்தம் தடவி, எண்ணெய் போட்டு நீவி, சாயங்காலம்தான் 108-ஐக் கூப்பிட்டோம். புறா பிடிச்சுக் கொடுத்த புண்ணியவான் யாருங்கிற? நான்தான். பேசாம மேல படி.

படிக்க என்ன இருக்கு, எல்லாம் இருக்கு, பிரஷரைத் தவிர! 32 நாட்டுல ஆளுங்களைப் பார்த்து 2016-ல ஒரு ஆய்வு வந்துச்சு. வாதத்துக்குப் பத்துல ஒம்பது பங்கு காரணம் பத்தே விஷயத்துல அடங்குதாம். தலைமாட்டுல உட்கார்ந்திருக்கிறது ரத்தக் கொதிப்பு. அப்புறம் பீடி சிகரெட்டு, தொப்பை, சாராயம், சர்க்கரை, இதயக் கோளாறுன்னு வரிசை. இதுல பாதிக்கு லேப்பு எதுக்கு, உன் பெண்டாட்டியைக் கேட்டாலே சொல்லிடுவாளே.

மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்துல ஒரு பொண்ணு பிரஷர் மிஷினோட வீட்டுக்கே வருது, காசு கிடையாது. போன மாசம் அது வந்தப்ப வைக்கோல் போருக்குப் பின்னால உட்கார்ந்து பீடி குடிச்சது யாரு? புகை எழும்பிச்சே, நான் போர்தான் பத்திக்கிச்சுன்னு குடத்தைத் தூக்கிட்டு ஓடி வந்தேன்!

அதோ, அந்தப் பொண்ணு தெருமுனை திரும்பிடுச்சு. சட்டைக் கையை மடி மாப்ளே. டேய், ரிப்போர்ட்டைப் போட்டுட்டு எங்கடா ஓடுற?