பால்கோவாவுக்கு ஒரு டெண்டர்

தமிழ்நாடு அரசின் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் முதலில் தரிசனம் தருவது எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம். அரசு முத்திரையில் இருப்பது மீனாட்சி கோயிலின் மேற்குக் கோபுரம் என்று மதுரைக்காரர்கள் சொல்வதுண்டு. அவர்களுக்கு ஜிகர்தண்டா இருக்கிறது, அதோடு நிறுத்திக்கொள்ளட்டும். கோபுரம் வந்த பிறகு அதன் கீழே ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். அது சுற்றி முடிப்பதற்குள் சாவகாசமாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம். கோபுர தரிசனம் கோடிப் புண்ணியம் என்பதைக் கணினிமயமாக்கிய அரசு உலகத்திலேயே நம்முடையது ஒன்றுதான்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே வன்னியம்பட்டியில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று போர்டு மாட்டிப் பிழைப்பவன் நான். பட்டா நகல், வில்லங்கம், சாதிச் சான்றிதழ், பரீட்சைக் கட்டணம் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். பக்கத்தில் டீக்கடை. அங்கே பேப்பரில் வரும் தொழில்நுட்பச் செய்திக்குக் கருத்துச் சொல்லத் தொழில்நுட்பம் தெரிந்திருக்க வேண்டியதில்லை; ஒரு டீ சொல்லியிருந்தால் போதும்.

2025 செப்டம்பரில் டீக்கடைக்குத் தீபாவளி முன்கூட்டியே வந்துவிட்டது. ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் இனி தன் வேலையெல்லாம் ஜோஹோ கம்பெனியின் மென்பொருளில்தான் என்று அறிவித்தார். அக்டோபரில் அமித் ஷா தன் மின்னஞ்சல் முகவரியை அங்கே மாற்றிக்கொண்டார். கல்வி அமைச்சகம் தன் அதிகாரிகளை ஜோஹோவின் ஆபீஸ் மென்பொருளுக்கு மாறச் சொன்னது. மத்திய அரசு ஊழியர்கள் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் அந்தத் தளத்துக்குப் போய்விட்டது என்று செய்தி வந்தது. ஜோஹோவின் ‘அரட்டை’ செயலியில் ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்தது மூன்றே நாளில் 3,50,000 ஆகிவிட்டதாக ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு எழுதினார். டெல்லி அமைச்சர்கள் வரிசையாக நின்று மக்களை அரட்டைக்கு அழைத்தார்கள். எங்கள் டீக்கடை பெஞ்சுக்கு அந்த அழைப்பு தேவைப்படவில்லை.

விஷயம் எங்களுக்குச் சொந்த விஷயம் ஆகிவிட்டதற்குக் காரணம் உண்டு. ராஜபாளையத்தில் தென்காசி பஸ் ஏறினால் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் தாண்டித் தென்காசி. அதற்குப் பக்கத்தில்தான் மத்தளம்பாறை, ஜோஹோவின் கிராமத்து அலுவலகம். வேஷ்டி கட்டிக்கொண்டு சைக்கிள் மிதிக்கிற ஒரு மனிதரின் கம்பெனிக்கு இந்திய அரசாங்கமே கடிதப் போக்குவரத்தைக் கொடுக்கிறது என்றால், அந்த ரோட்டில் குடியிருக்கிற எவனுக்குத்தான் மீசை துடிக்காது?

“நம்ம ரோட்டுக்காரன்யா!” என்றார் மில்லில் ரிட்டையர் ஆன அண்ணாச்சி. “அமெரிக்காக்காரன் கடையைச் சாத்த வேண்டியதுதான்.”

“அவன் எதுக்கு அண்ணாச்சி சாத்தணும்? நீங்க இதைப் படிக்கிற போனே அவன்துதான்” என்றார் தமிழ் வாத்தியார்.

“போன் என் மவன் வாங்கிக் கொடுத்தது.”

அதற்கு மேல் வாத்தியாராலும் பேச முடியவில்லை.

டெல்லிக்கு இந்த சுதேசி ஆவேசம் சும்மா வரவில்லை. அதே ஆண்டு ஜூலையில் குஜராத்தின் வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. ரஷ்யாவின் ராஸ்நெஃப்ட் அதில் பெரிய பங்குதாரர் என்பது காரணம். தடை போட்டது ஐரோப்பா, ஆலை இருப்பது இந்தியாவில், ஆனால் மின்னஞ்சலை நிறுத்தியது அமெரிக்கக் கம்பெனியான மைக்ரோசாஃப்ட். நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஜூலை முடிவதற்குள் சேவை திரும்ப வந்தது. இதை நான் வாசித்துக் காட்டியபோது டீ மாஸ்டர் ஆற்றுகிற டீயை நிறுத்தாமலே தீர்ப்புச் சொன்னார்: “அப்போ அவன் எதையும் வாங்கலய்யா. வாடகைக்கு இருந்திருக்கான்.”

கணினிப் படிப்புப் படித்த யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அதற்கு மருந்து வீட்டுக்காரனை மாற்றுவதுதான், வீட்டுக்காரன் நம்ம ஆளாக இருந்தால் போதும் என்று பெஞ்சே ஒருமனதாக முடிவு செய்தபோது, தட்டச்சுப் பலகையோடு மாரடிக்கிறவன் என்ற முறையில் நான் எதிர்க்கட்சி ஆகிவிட்டேன்.

ஏன் என்று கேளுங்கள். என் கடைக்கு மாதத்துக்கு ஒருவராவது பழைய பென்டிரைவ் ஒன்றைப் பொட்டலம் மாதிரி கொண்டுவருவார். உள்ளே ஒரு பழைய ஆவணம் இருக்கும். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சதுர அடைப்புக்குறியுமாகத் திரை முழுக்க எறும்பு ஊரும். “இது என்ன பாஷை தம்பி?” என்பார். தமிழ்தான் அய்யா. அந்த எழுத்துரு என் கணினியில் இல்லை, அவ்வளவுதான். அரசு அலுவலகத்தில் வானவில், இலங்கைக்காரர்களுக்குப் பாமினி, அச்சகத்துக்கு அச்சகம் வேறொன்று. ஒவ்வொன்றிலும் ‘அ’ ஒவ்வோர் இடத்தில் ஒளிந்திருக்கும். 1999-இல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூட்டித் தமிழ்99 விசைப்பலகையையும் டேம், டேப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளையும் தரம் என்று அறிவித்தார்கள். 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி இனி ஒருங்குறியும் டேஸ்16-உம்தான் தரம் என்று அரசாணை வந்தது. தரத்துக்குக் குறைச்சல் இல்லை. இன்றைக்கும் எறும்பு ஊர்கிறது.

இந்தக் கதையில் ஓர் அமெரிக்கன் கிடையாது, ஒரு ரஷ்யன் கிடையாது. தமிழர்கள் தமிழர்களுக்காகத் தமிழில் செய்த பூட்டு. வாங்கும்போது விலை கேட்டார்கள், அழகாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். பத்து வருடம் கழித்து வேறொன்றுக்குப் போக வேண்டுமானால் இதிலிருந்து எப்படி வெளியே வருவது என்று ஒருவரும் கேட்கவில்லை. இதைச் சொன்னதும் அண்ணாச்சி முகம் தொங்கிவிட்டது. எனவே அவருக்குப் புரிகிற பாஷைக்கு வந்தேன்.

அரசாங்கம் மென்பொருள் வாங்குகிற மாதிரி பால்கோவா வாங்கினால் எப்படி இருக்கும்? ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பாலும் சீனியும் போட்டு அடுப்பில் நின்று கிண்டுவது, வேறு ரகசியம் இல்லை. ஆனாலும் நேரே கடைக்குப் போய் வாங்கிவிட முடியாது. 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம்தான், அது இல்லாவிட்டால் அமைச்சரின் மைத்துனர் கடையில்தான் எல்லாம் வாங்குவார்கள். ஆக, முதலில் ஓர் ஆலோசனை நிறுவனம் வரும். அறுபது பக்கத்தில் தொழில்நுட்பத் தகுதி எழுதும். நிறம்: வெளிர் பழுப்பு. தன்மை: கிண்டப்பட்டது. இனிப்பு: இருத்தல் வேண்டும். பால்: விரும்பத்தக்கது.

இரண்டு உறை. முதல் உறையில் தகுதி, இரண்டாவதில் விலை. கடந்த மூன்று ஆண்டுகளில் ஐம்பது கோடி ரூபாய் வரவு செலவு காட்டியிருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். தலைமுறை தலைமுறையாகக் கிண்டிக்கொண்டிருக்கிற எங்கள் ஊர்க்காரர் முதல் உறையிலேயே காலி. கடைசியில் எல்-1 என்று, அதாவது இருப்பதிலேயே குறைந்த விலைக்காரர் என்று, எங்கோ சோன்பப்டி போடுகிற கம்பெனி ஒன்று வரும். சரக்கு வரும். தின்பது எப்படி என்று மாவட்ட வாரியாக இரண்டு நாள் பயிற்சி நடக்கும், மதிய உணவுடன். நாக்கில் ஒட்டவில்லை என்று புகார் எழுதினால் டிக்கெட் எண் ஒன்று கொடுத்து, ஏழு வேலை நாளில் ஒட்டும் என்பார்கள்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். டப்பாதான் வில்லங்கம். அந்தக் கம்பெனியின் கத்தியால்தான் அது திறக்கும். கத்தி மூன்று வருடத்துக்கு இலவசம், நாலாம் வருடம் முதல் வாடகை. கத்தியும் வேண்டாம், நீயும் வேண்டாம், வேறு கடைக்குப் போகிறோம் என்றால், போகலாம், தாராளமாக. இதுவரை காசு கொடுத்து வாங்கிய பால்கோவா அத்தனையும் அந்த டப்பாக்களுக்குள் இருக்கிறது.

“சரிதான், ஆனா கத்தி செய்றவன் நம்ம ரோட்டுக்காரனா இருந்தா?” என்றார் அண்ணாச்சி. விடாக்கண்டன்.

நம்ம ரோட்டுக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கும் வயசாகும், கம்பெனி கை மாறும். கத்தி எல்லார் கடையிலும் கிடைக்கிற கத்தியாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. இதை அரசாங்கத்துக்குச் சொன்னவர்கள் இல்லாமலில்லை. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். 2006-இல் மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக வந்து, முதலில் தன் அலுவலகத்தையே யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். 2008-இல் அவருக்கு மாறுதல் வந்தது. 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் கைகழுவியதும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸைப் போடுங்கள் என்று எல்காட் மறுபடி துறைகளுக்குச் சொன்னது. நமக்கு ஒரு விஷயம் எட்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஞாபகம் வரும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இதையே விடாமல் செய்து, 2 லட்சம் பள்ளிக் கணினிகளில் கட்டற்ற மென்பொருள் போட்டு 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அந்த அரசின் கைட் நிறுவனம் 2019-இல் கணக்குக் காட்டியது. அவர்கள் கணக்கில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் ஊற்றியிருக்கலாம். பாதி உண்மை என்றாலும் 1,500 கோடி.

வெள்ளைக்காரன் மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்குப் போகிறோம் என்றபோது, மைக்ரோசாஃப்டின் தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மர் பனிச்சறுக்கு விடுமுறையைப் பாதியில் விட்டுவிட்டு மேயரைப் பார்க்க ஓடிவந்தார். மேயர் அசையவில்லை. பத்து வருடம் பாடுபட்டு 15,000 கணினிகளை மாற்றினார்கள். 2017-இல் அடுத்த மேயர் காலத்தில் விண்டோஸுக்கே திரும்பலாம் என்று தீர்மானம் போட்டார்கள். இதைக் கேட்டதும் வாத்தியார் முகத்தில் அப்படியொரு நிம்மதி. ஆட்சி மாறினால் திட்டத்தை மாற்றுவது திராவிடக் கண்டுபிடிப்பு என்று அதுவரை நினைத்திருந்தாராம்.

என்னைப் பொறுத்தவரை அரசாங்கத்தின் மென்பொருள் கொள்கையால் நேரடியாகச் சோறு தின்றவன் நான். 2011 செப்டம்பர் 15-இல் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கினார். அடுத்தடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள். பாஸ் லினக்ஸும் அதில் வந்தது. அதை ஒரு பிள்ளை திறந்து பார்த்ததாக எனக்குத் தகவல் இல்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர ஆள் வேண்டும், அது டெண்டரில் வரவில்லை. லேப்டாப் கையில் கிடைத்த மறுநாள் காலை என் கடை வாசலில் வரிசை நிற்கும். “அண்ணே, இதை அழிச்சுட்டு முழு விண்டோஸ் போடணும், படம் பாக்கணும்.” சுதந்திர மென்பொருளை அழித்து அழித்து நான் என் வீட்டுக்கு மாடி எடுத்தேன். அந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்தப் பக்கம் வந்தால் எனக்கு முதல் அடி நிச்சயம்.

2026 ஜனவரியில் மறுபடி லேப்டாப் காலம் வந்தது, இந்தத் தடவை கல்லூரி மாணவர்களுக்கு. 20 லட்சம் பேருக்குத் தருவதாக முந்தைய வருட பட்ஜெட்டில் சொன்னவர் எங்கள் மாவட்டத்துக்காரர் தங்கம் தென்னரசு என்பதால் இதிலும் எங்களுக்கு உரிமை உண்டு. விண்டோஸ் 11, கூடவே பாஸ் லினக்ஸ், பெர்ப்ளெக்சிட்டி என்கிற செயற்கை நுண்ணறிவுக்கு ஆறு மாத இலவசச் சந்தா. ஏழாவது மாதம் பற்றி அண்ணாச்சிதான் முதலில் கேட்டார். பால்கோவா வேலை செய்திருக்கிறது.

லேப்டாப் கொடுத்த அன்று சாயங்காலமே ஒரு பையன் புதுப் பெட்டியோடு கடைக்கு வந்துவிட்டான்.

“அண்ணே, இதுல ரெண்டு இருக்காம்ல. எதை அழிக்கணும்?”

“எதுக்குடா அழிக்கணும்? ரெண்டும் இருந்துட்டுப் போவுது.”

அவன் நம்பவில்லை. போனை எடுத்து யாரிடமோ கேட்டுவிட்டு வந்தான். “இல்லண்ணே, வாங்குன உடனே ஒண்ணை அழிக்கணுமாம். பதிமூணுல எங்க அக்கா உங்ககிட்டதான் அழிச்சுச்சாம்.”