தலைக்கவசத்தின் ஐந்திணை: தனுஷ்கோடிச் சாலையை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் ஹெல்மெட்டைச் சேர்க்காமல் விட்டது தமிழ் ஆய்வுலகின் நெடுநாள் குறை. அவர் காலத்தில் மோட்டார் சைக்கிள் இல்லையே என்று சிலர் அமைதி கூறுவர். அது ஏற்புடையதன்று, பின்னால் வருவதற்கும் இடம் விட்டு எழுதுவதே இலக்கணம். அவர் விட்ட அந்த இடத்தை நிரப்புவது இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களம், இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனைக்குப் போகும் சாலை.

முதலில் நிலப் பாகுபாடு. ஹெல்மெட் தலையில் இருக்கும் பொருள் என்பது கடைக்காரர் சொல்லும் விளக்கம். கள ஆய்வில் அதற்கு ஐந்து நிலங்கள் தென்படுகின்றன. தலை, குறிஞ்சி, இருப்பதில் உயரமான இடம், தலையும் கவசமும் கூடுவதால் ஒழுக்கம் புணர்தல். பெட்ரோல் டேங்க், முல்லை. அங்கே வைக்கப்பட்ட ஹெல்மெட் கற்போடு காத்திருக்கும், ஒழுக்கம் இருத்தல். பக்கக் கண்ணாடி, மருதம். அதில் மாட்டியதும் பின்னால் வரும் லாரி கண்ணுக்கு மறைந்துபோவதால் ஊடல். முழங்கை, பாலை. பாலைக்குத் தொல்காப்பியர் தனி நிலம் வகுக்கவில்லை. முழங்கையும் ஹெல்மெட்டுக்கென்று வகுக்கப்பட்ட உறுப்பு அன்று. தலையும் கவசமும் ஒரே வண்டியில் அருகருகே போயும் சேர்வதில்லை என்பதால் இங்கே பிரிதல் மிகப் பொருந்துகிறது. எஞ்சியது பின்னிருக்கையில் அமர்ந்தவர் மடி. கணவரின் ஹெல்மெட்டை மனைவி மடியில் வைத்து, இரு கைகளாலும் கட்டிப்பிடித்து, இரண்டு தலைகளும் வெறுமையாக இருக்கப் போகும் காட்சி. நெய்தல். ஒழுக்கம், இரங்கல்.

தனுஷ்கோடி நிலத்தாலும் நெய்தல். வடக்கே பாக் நீரிணை; அலை அடங்கியிருப்பதால் உள்ளூரில் அது பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். அதன் குணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நடுவே ஒரு மணல் நாக்கு. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் ஊரும் சேர்ந்து போயின. பிறகு மக்கள் வசிக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கப்பால் மணலில் குலுங்கிப் போகும் வேன்கள்தாம். அரிச்சல்முனை வரையிலான ஒன்பதரை கிலோமீட்டர் சாலை 2017 ஜூலையில் திறக்கப்பட்டது. ஆகவே இங்கே ஹெல்மெட்டின் வரலாறு பத்தாண்டுக்குள் அடங்குவது. ஆய்வாளருக்கு இது பெரிய வசதி. கல்வெட்டு தேட வேண்டியதில்லை.

இந்தச் சாலையின் கருப்பொருள் காற்று. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் ரயிலுக்குச் சிக்னல் விழாமல் இருந்தது. ரயிலையே நிறுத்திவைத்த காற்று ஒரு கிலோ எடையுள்ள பொருளை எப்படி நடத்தும் என்பதை அரிச்சல்முனைத் தூணைச் சுற்றி வண்டி நிறுத்தும் இடத்தில் நேரில் பார்க்கலாம். டேங்கில் முல்லைத் திணையில் காத்திருந்த ஹெல்மெட் எழுந்து, மணலில் விழுந்து, ஆண் கடலை நோக்கி உருளத் தொடங்கும். "அண்ணே, உங்க ஹெல்மெட்டு போவுது பாருங்க!" என்று சங்கு விற்கும் பெண் கத்துவார். அதுவரை அதைத் தலையில் வைக்க மறுத்தவர் செருப்பு கழன்று விழ ஓடிப் பிடிப்பார். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் பொருள் அல்லவா.

தலையில் இருக்கும்போதும் காற்று விடுவதில்லை. நெற்றிக்கு மேல் தூக்கிவிட்ட கண்ணாடி பாய்மரம் போல் விரிகிறது. வார் பூட்டாத ஹெல்மெட் பின்மண்டையில் ஏறி உட்கார, ஓட்டுபவர் இடக்கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலக்கையால் மட்டும் வண்டியைச் செலுத்துகிறார். ஹெல்மெட்டைக் காப்பாற்றத் தலையைப் பணயம் வைக்கும் இந்த நிலைக்கு இலக்கணத்தில் பெயர் இல்லை. பெருந்திணையில் அடக்கலாம்.

இனி ஹெல்மெட்டின் உள்ளுறை. மேல் ஓடு பிளாஸ்டிக்கோ ஃபைபர் கண்ணாடியோ எதுவாயினும், வேலை செய்வது உள்ளே இருக்கும் தெர்மாகோல். அதே வெள்ளைச் சரக்கு இராமேசுவரம் துறைமுகத்தில் மீனையும் இறாலையும் ஐஸோடு சேர்த்து வெளியூர் அனுப்பும் பெட்டியாகவும் பயன்படுகிறது. மீனுக்கு உயிர் போன பிறகும் மனிதனுக்கு உயிர் போகும் முன்பும் தேவைப்படும் பொருள் என்று இதை வரையறுக்கலாம். தெர்மாகோலுக்கும் காற்றுக்கும் பழைய பகையும் உண்டு. இந்தச் சாலை திறந்த அதே 2017இல், ஏப்ரல் மாதம், வைகை அணையில் நீர் ஆவியாகாமல் இருக்கப் பரப்பிய தெர்மாகோல் அட்டைகளைக் காற்று சற்று நேரத்தில் கரையொதுக்கியதை நாடே பார்த்தது. அங்கே அதைக் கட்ட வார் இல்லை.

கணக்கு எளிது. நின்றிருக்கும் வண்டியிலிருந்து சாய்ந்து விழுபவரின் தலை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். எலும்பும் தாரும் நேருக்கு நேர் சந்தித்தால் அந்த வேகம் இரண்டு மூன்று மில்லிமீட்டரில் தீர்ந்தாக வேண்டும். நடுவில் தெர்மாகோல் நசுங்கிக் கொடுத்தால் இரண்டரை சென்டிமீட்டர் கிடைக்கும். அதிர்ச்சி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிறது. "பக்கத்துலதானே போறோம், மெதுவாத்தானே போறோம்" என்னும் வாதத்துக்கு இக்கணக்கு தரும் விடை: நின்றாலும் தலை விழும் உயரம் அதேதான்.

ஹெல்மெட் தலையைக் காக்கும் என்பதை முறையாக ஆராய்ந்தவர் யார்? 1935இல் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள் மேல் மோதாமல் விலகிய படைவீரரும் எழுத்தாளருமான டி. இ. லாரன்ஸ் தம் பிரஃப் சுப்பீரியர் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டு ஆறாம் நாள் இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவர் அதன்பின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். பிரிட்டிஷ் ராணுவத்தில் தூது செல்லும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஹெல்மெட் வந்தது அதன் பயனாக. நசுங்கும் உள்ளடுக்கு 1953இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. ஆனால் இவர்களுக்கெல்லாம் முன்பே "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று தமிழர் சொல்லிவிட்டனர். பொறியியல் நூல்கள் இன்னும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லவில்லை. பழமொழியின் வினைமுற்றைக் கவனிக்க வேண்டும்: "போயிற்று". ஒருமுறை நசுங்கிய தெர்மாகோல் மறுபடி எழாது. அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கியெறிய வேண்டும். நடைமுறையில் அது மச்சானுக்குப் போகிறது.

தலைப்பாகை என்றதும் ஓர் இடைக்குறிப்பு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு மட்டும் விலக்கு தருகிறது. தமிழ்நாட்டில் தலையில் துண்டு கட்டியவர்கள் இதை நெடுநாளாகத் தமக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். எந்த நீதிமன்றமும் இன்னும் ஏற்கவில்லை.

இராமேசுவரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று பிற ஆய்வாளர் கண்ணில் படாதது: ஈரத் தலை. கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக நீர் ஊற்றிக்கொண்டவர், தலை காயாமல் தனுஷ்கோடிக்குக் கிளம்புகிறார். ஈரத் தலையில் ஹெல்மெட்டை ஏற்றினால் பஞ்சு நனைந்து, வெயிலில் வெந்து, மறுநாள் திறக்கையில் கருவாட்டுக் கிடங்கின் வாசம். "தீர்த்தமாடிய தலையை மூடக் கூடாதுங்க" என்று மதத்தின் துணையையும் அழைப்பார்கள். முடி கொட்டும், காது கேட்காது, கழுத்து வலிக்கும் என்பவை மாநிலம் முழுவதற்கும் பொதுவான மறுப்புகள். ஈர வாதம் இத்தீவின் தனிச்சொத்து. இதில் ஓரளவு நியாயம் இருப்பதால் உள்ளே ஒரு பருத்தித் துணி கட்டிக்கொள்ளலாம் என்று இவ்விடத்தில் பரிந்துரைக்கப்படுகிறது. செலவு, ஒரு பழைய துண்டு.

சட்டத்தின் பக்கம் சொல்ல அதிகமில்லை. தமிழ்நாட்டில் 2007 ஜூன் 1இல் ஒருமுறை கட்டாயம் என்றார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1இல் மறுமுறை. அபராதம் நூறு ரூபாயாக இருந்தது 2022 அக்டோபரில் ஆயிரமானது. அந்த ஓராண்டில் மட்டும் ஹெல்மெட் அணியாமல் நாட்டில் இறந்தவர்கள் 50,029 பேர், அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கை. மேலே சொன்ன மடித்திணை இங்கே வேடிக்கையாக இல்லை.

நெய்தலுக்குப் பொழுது எற்பாடு. சாயங்காலம் ஆனதும் அரிச்சல்முனையிலிருந்து எல்லோரையும் வெளியேறச் சொல்வார்கள். வண்டிகள் வரிசையாகத் திரும்புகின்றன. இரு பக்கமும் கடல், சாலையோரத்தில் காற்று வாரிக் கொட்டிய மணல், தலைகள் எல்லாம் பறக்கும் முடியோடு. அப்போது எதிரே வரும் முன்பின் தெரியாத ஒருவர் முகப்பு விளக்கை இரண்டு முறை மினுக்கி, உள்ளங்கையால் தம் உச்சந்தலையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போகிறார். வரிசை முழுவதும் ஓரம் கட்டுகிறது. டேங்கிலிருந்தும் முழங்கையிலிருந்தும் மடியிலிருந்தும் ஹெல்மெட்டுகள் குறிஞ்சிக்கு ஏறுகின்றன. மகாராஷ்டிரப் பதிவெண் போட்ட வண்டியும் நிற்கிறது. அந்தச் சைகை அங்கேயும் அதேதான் போலிருக்கிறது. சிலர் வாரைக்கூடப் பூட்டிக்கொள்கிறார்கள்.