கடைசிப் பாட்டு ஏழெட்டு

பெருநகரத்தில் இரவு வாழ்க்கை என்றால் மதுக்கூடமும் கிட்டாரும். கம்பம் பள்ளத்தாக்கில் அது சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. மற்ற நாளில் ஊர்ப் பொங்கலுக்கு 'ஆடலும் பாடலும்' கலைநிகழ்ச்சி.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல்தான். நம்மாட்கள் தெருவில் "சாப்பிட்டியாப்பா?" என்று விசாரித்தாலே அதைத் தாண்டிவிடும்!

கலைநிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைவரை போகிறவர்கள் உண்டு. நிபந்தனைகளோடு உத்தரவு வரும். கமிட்டியார் பயபக்தியோடு கையெழுத்திடுவார்கள். அப்புறம் ஆளுயரத்துக்கு பாக்ஸ் ஸ்பீக்கர் அடுக்குவார்கள். முதல் அடியிலேயே டீக்கடை அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் தாமாக ஆடத் தொடங்கும். (அதற்கு அனுமதி யாரும் கேட்கவில்லை.) சரியாகப் பத்துக்கு 'இதுதான் கடைசிப் பாட்டு' என்று அறிவிப்பு. அப்படிக் கடைசிப் பாட்டு ஏழெட்டு வரும்.

இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இதே வட்டாரம்தான். பாட்டை யார் வேண்டாம் என்றார்கள்? திருவிழாக்களுக்கென ஆண்டில் அதிகபட்சம் 15 நாள் நள்ளிரவு வரை சலுகை தர அரசுக்கு விதியிலேயே இடமிருக்கிறது. மைக்செட் அண்ணாச்சி, பிளஸ் டூ தேர்வு நடக்கும் மார்ச்சிலாவது அந்த பாஸ் அதிர்வைக் கொஞ்சம் குறையுங்கள்.