வட்டம் அடங்கும் வரை: நீர்மேல் பொய்யிரை குறித்து ஒரு விசாரணை

உலகில் மனிதன் சும்மா இருப்பதற்கென்று கண்டுபிடித்திருக்கும் உபாயங்களுள் தூண்டில் போடுவது மிகப் பழமையான ஒன்று என்பதில் அபிப்பிராய பேதம் இருக்க நியாயமில்லை. ஆயினும், அந்தச் சும்மா இருத்தலுக்குள்ளேயே இன்னொரு சும்மா இருத்தலைக் கண்டெடுத்து, அதற்கு விதிகள் வகுத்து, அவ்விதிகளின்பேரில் கட்சி பிரிந்து வாதாடுகிற அளவுக்கு அக்கலையை வளர்த்த கீர்த்தி அமெரிக்க ஐக்கிய நாட்டுத் தூண்டில்காரர்களையே சாரும். தவளை போலவோ சுண்டெலி போலவோ வர்ணம் பூசிய ஒரு மிதக்கும் கட்டையை ஏரியில் எறிந்துவிட்டு, அது விழுந்த இடத்தில் எழுந்த நீர்வட்டங்கள் ஒவ்வொன்றாய் விரிந்து, மெலிந்து, முற்றிலும் அடங்கும் வரை அதை அசைக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய பழைய விதி. அந்த இடைவேளையின் நீளம் யாது, அதை எதைக் கொண்டு அளப்பது, அளப்பதனால் மீனுக்கு ஏதேனும் லாபமோ நஷ்டமோ உண்டா என்பவற்றை விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விஷயத்துக்குள் புகுமுன் மீனின் நாமத்தைச் சற்று ஆராய்வது முறை. ‘பாஸ்’ என்ற சொல் இங்கே பரீட்சையில் தேறுவதைக் குறிப்பதன்று. ஆபீஸில் பெரிய மேஜைக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவரைக் குறிப்பதுமன்று, வாயின் அகலத்தைப் பொறுத்தவரை சில ஒற்றுமைகள் தென்பட்டபோதிலும். வட அமெரிக்காவின் நன்னீர் ஏரிகளில் வாழும் பெருவாய்ப் பாஸ் என்னும் இம்மீன் மெய்யான பாஸ் குலத்தைச் சேர்ந்ததே அன்று. சூரியமீன் என்று அவர்கள் வழங்கும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. 1802-ல் லாஸெபேத் என்ற பிரெஞ்சு இயற்கைநூல் பண்டிதர் இவ்வினத்து மீன் ஒன்றைப் பரிசோதித்தபோது, அதன் முதுகுத் துடுப்பின் பின்பகுதி எங்கோ சிதைந்து ஒரு துண்டாய்ப் பிரிந்து நின்றதைக் கண்டு, அதுவே அந்த ஜாதியின் லக்ஷணம் என்று நிச்சயித்து, ‘சிறுதுடுப்பன்’ என்று பொருள்படும் ‘மைக்ரோப்டீரஸ்’ என்ற பெயரைச் சூட்டிவிட்டார். பெருவாயனுக்கோ ‘சால்மனை ஒத்தது’ என்று பொருள்படும் அடைமொழி ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. சால்மனுக்கும் இதற்கும் எவ்வித உறவுமில்லை. இவ்வாறு தலை முதல் வால் வரை தப்பான பெயர்களையே சுமந்து திரியும் ஒரு பிராணி, தவளை என்றெண்ணி மரக்கட்டையைக் கவ்வினால், அதைப் பரிகசிக்கும் யோக்கியதை பண்டித வர்க்கத்துக்கு இல்லை.

பொய்யிரையின் உற்பத்தி வரலாற்றுக்கு நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் சப்தப் பிரமாணமே. மிச்சிகன் மாநிலத்து டோவாஜியாக் என்ற சிற்றூரில் ஜேம்ஸ் ஹெடன் என்பவர் இருந்தார். அவர் தேனீ வளர்ப்பில் பேர்பெற்றவர். 1885-ல் ஒரு தேனீப்பெட்டிக்குக் காப்புரிமையும் வாங்கியவர். ஒருநாள் ஆலைக்குளத்தங்கரையில் நண்பர் ஒருவருக்காகக் காத்திருந்த அவர், பொழுது போகாமல் பேனாக்கத்தியால் ஒரு குச்சியைச் சீவி, சீவிய கட்டையை அலட்சியமாகத் தண்ணீரில் எறிய, பாஸ் ஒன்று சீறியெழுந்து அதை ஆகாயத்தில் தூக்கியடித்ததாம். தூண்டில்காரர்கள் ரீலைச் சுற்றுவதோடு நில்லாமல் ரீல் விடுவதிலும் சமர்த்தர்கள் என்பதை நாம் மறக்கலாகாது. எனினும் 1902-ல் அவர் பெயரில் பொய்யிரைக் காப்புரிமை பதிவானது உண்மை. அவருடைய கம்பெனி அவ்வூரைப் பிரசித்தமாக்கியதும் உண்மை. என் வாதத்துக்கு முக்கியமானது வேறொன்று: ஹெடன் அந்தக் கட்டையை அசைக்கவில்லை. அசைப்பதற்கு அதில் கயிறே இல்லை. மூல நூலிலேயே சும்மா இருத்தல் விதிக்கப்பட்டிருப்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

இதை எழுதும்போது என் மேஜையின்மேல், மைப்புட்டிக்கும் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவே, ‘ஜிட்டர்பக்’ என்னும் பொய்யிரை ஒன்று கிடக்கிறது. ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரவாசியான ஃபிரெட் ஆர்போகாஸ்ட் என்பவர், அக்காலத்து இளைஞர்களைப் பிடித்தாட்டிய ஒரு நடனத்தின் பெயரை இட்டு, 1930-களின் இறுதியில் உலகுக்கு அளித்த சாதனம் இது. கட்டைவிரல் பருமனுள்ள உடல். முதுகில் தவளையின் பச்சைப் புள்ளிகள். வயிற்றில் வெளுத்த மஞ்சள். கீழே மும்முனை முட்கள் இரண்டு. முகம் இருக்க வேண்டிய இடத்தில், உடம்பைக் காட்டிலும் அகலமாய், இரு கன்னங்களும் உப்பியதுபோல் குழிந்த ஓர் உலோகத் தகடு. தகட்டின் ஒரு விளிம்பில் வர்ணமெல்லாம் உதிர்ந்து வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அது பாறையின் வேலையா பல்லின் வேலையா என்று எனக்கு விளங்கவில்லை. இழுத்தால் இது வலமும் இடமுமாகத் தள்ளாடிக்கொண்டு, குறுகிய வாயுள்ள கூஜாவைக் கவிழ்த்தாற்போன்ற ‘களுக், களுக்’ என்ற ஓசையுடன் நீந்தி வரும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது உலோகம் அருமையாகிவிடவே இத்தகட்டைப் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். அந்த யுத்தகாலத்து உருப்படிகளைத் தேடித் தேடிச் சேர்க்கும் ரஸிகர்கள் உண்டு. எப்படிப் பார்த்தாலும் பிரம்மா படைத்த எந்த ஜீவனைப் போலவும் இது இல்லை.

ஹெடன் கம்பெனியின் ‘ஸாரா’ என்ற சுருட்டு வடிவப் பொய்யிரையைப் பற்றி அதிகம் சொல்வது மரியாதையாகாது. கயிற்றைத் தளர்த்தித் தளர்த்திக் கம்பின் நுனியைச் சொடுக்கினால், அது இடுப்பை ஒடித்து ஒடித்து இருபுறமும் ஒய்யார நடை நடக்கும். ஃபுளோரிடாவின் பென்ஸகோலா பட்டணத்தில் ஸாரகோஸா என்ற ஒரு வீதி உண்டென்றும், அக்காலத்தில் அங்கே அந்திவேளையில் உலாவிய மங்கையரின் நடையைக் கண்டே இப்பெயர் வைக்கப்பட்டதென்றும் சொல்வார்கள். இந்நடையைத் தூண்டில்காரர்கள் இப்போது ‘நாயை உலாவ அழைத்துப் போவது’ என்று அடக்கமாகக் குறிப்பிடுகிறார்கள்.

இனிப் பூர்வபக்ஷம். நீர்மேல் பொய்யிரையால் மீன் அகப்படுவது குறைவு, ஆழத்தில் இழுக்கும் இரைகளே பயனுள்ளவை என்று ஆட்சேபிப்பவர்கள் பலர். அதே ஆக்ரன் நகரத்தில் நிக் கிரீம் என்பவர் 1949-ல் பிளாஸ்டிக் மண்புழுவை வார்த்தெடுத்த நாள் முதல் அவர்கள் பக்கம் வலுத்துவிட்டது. போதாதற்கு, 1932 ஜூன் 2-ஆம் தேதி ஜார்ஜியா மாநிலத்து மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 ராத்தல் 4 அவுன்ஸ் எடையுள்ள உலகப் பிரசித்தி பெற்ற பெருவாயனையும் சாட்சிக்கு அழைப்பார்கள். அவர் எறிந்த இரை நீர்மேல் பொய்யிரை ரகத்தைச் சேர்ந்ததன்று. அச்சாட்சி செல்லாது என்பது என் பதில். எடை போட்டு முடிந்ததும் பெர்ரியின் வீட்டார் அம்மீனைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். சாட்சியையே குழம்பு வைத்துவிட்ட பிறகு குறுக்கு விசாரணைக்கு வழி ஏது?

சித்தாந்தத்துக்கு வருவோம். கட்டை விழுந்த அதிர்ச்சியை மீன் தன் விலாவில் ஓடும் உணர்ச்சிக் கோட்டினால் அறிகிறது. முதலில் விலகி ஓடவும் கூடும். பிறகு திரும்பி வந்து கீழே நின்று, அந்தி வானத்தின் வெளிச்சத்தில் கறுப்பு நிழலாய்த் தெரியும் அந்த வஸ்துவை நோக்குகிறது. பசியா, கோபமா, வெறும் வம்பு விசாரிக்கும் குணமா என்பதில் மூன்று கட்சிகள் உண்டு. வசந்த காலத்தில் முட்டைக் குழியைக் காவல் காக்கும் ஆண்மீன், பசி இல்லாமலேயே அண்டையில் வருவதையெல்லாம் தாக்கும் என்பது கோபக் கட்சிக்கு அனுகூலம். தவளை, சுண்டெலி, பாம்புக்குட்டி, வாத்துக்குஞ்சு எதையும் அது விழுங்கும் என்பது பசிக் கட்சிக்கு அனுகூலம். என் சொந்தக் கட்சி மூன்றாவது. எதிர்வீட்டுக்குப் புதிதாய் யாரோ வந்து, வெகுநேரமாய் அசையாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், நம்மில் எத்தனை பேர் ஜன்னலை விட்டு நகர்வோம்?

ஆகவே, வட்டம் அடங்கும் வரை பொறு என்ற விதி நியாயமானதே. ஆனால் அடங்கியது என்பதற்கு அளவு என்ன? முன்னோர்கள் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுக்கும் நேரம் என்று கணக்கிட்டார்கள். டாக்டர்கள் அந்தக் காலமானியைப் பறித்துவிட்டதிலிருந்து இச்சாஸ்திரத்தில் பெருங்குழப்பம் நிலவுகிறது. கடிகாரம் பார்ப்பது அபசாரம், ஏனெனில் கண் நீரைவிட்டு விலகுகிறது. எண்களை வெறுமனே எண்ணினால் ஆவல் மிகுந்து வேகம் கூடிவிடுகிறது. நெடுநாள் யோசித்து நான் கண்ட உபாயம், மனத்துக்குள் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்வது. அதை அவசரமாய்ச் சொல்ல ஒருவராலும் இயலாது.

இதைப் பரீட்சித்துப் பார்க்கும் வாய்ப்பு மிச்சிகனின் தென்மேற்கு மூலையில், ஒரு சின்னஞ்சிறு ஏரியில் எனக்குக் கிட்டியது. ஜூலை மாதத்தில் அங்கே சூரியன் அஸ்தமிக்க ஒன்பது மணி தாண்டிவிடும். எழுபது வயதைக் கடந்த ஓர் அண்டைவீட்டுக்காரர் தம் அலுமினியப் படகில் என்னை ஏற்றிச் சென்று, அல்லி இலைகளின் ஓரத்தைக் காட்டி, அதிகம் பேசாமல் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார். எறிந்தேன். விழ வேண்டிய இடத்துக்கு இரண்டு முழம் தள்ளி ஜிட்டர்பக் விழுந்தது. வட்டங்கள் கிளம்பின, முதல் வட்டம் இலைகளைத் தொட்டு அவற்றை மெல்லத் தூக்கி இறக்கியது. ஓர் பதினாறு பதினாறு, ஈர் பதினாறு முப்பத்திரண்டு என்று ஆரம்பித்தேன். எட்டாவது வரிக்கு வரும்போது நீர் கண்ணாடியாகிவிட்டது. புறங்கையில் ஒரு கொசு சாவகாசமாக உட்கார்ந்தது. அதை அடிப்பது விதிக்கு விரோதம் என்பதால் அதற்கும் இலை போட்டாயிற்று. பதின்மூன்று பதினாறு என்று சொல்லி, இருநூற்றெட்டா இருநூற்றாறா என்று தடுமாறிய அந்தக் கணத்தில், நான் கடுகளவும் அசைக்காத அந்தக் கட்டையின் கீழ் நீர் பிளந்து, ஒரு வாளி கவிழ்ந்தாற்போன்ற சப்தத்துடன் ஏதோ அதை உள்ளே உறிஞ்சியது.

மீன் இழுக்கும் பாரம் கையில் தெரிந்த பிறகே கம்பை உயர்த்த வேண்டும் என்று அவர் கரையிலேயே சொல்லியிருந்தார். “கண்ணை நம்பாதீர்கள், கையை நம்புங்கள்” என்று இருமுறை சொன்னார். நானோ காதை நம்பினேன். சப்தம் கேட்ட மாத்திரத்தில் பலங்கொண்ட மட்டும் கம்பை இழுக்க, ஜிட்டர்பக் நீரிலிருந்து விடுபட்டு, ஈரம் தெறிக்க என் காதோரமாய்ப் பறந்து, பின்னால் இருந்தவருடைய வைக்கோல் தொப்பியின் விளிம்பில் மூன்று முனையும் பதியக் கொத்திக்கொண்டது.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார். தொப்பியைக் கழற்றி முழங்காலின்மேல் வைத்து, சட்டைப்பையிலிருந்த குறட்டினால் முட்களை நிதானமாக ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி, கட்டையை என்னிடம் நீட்டினார். நான் மறுபடி எறியக் கை ஓங்கியபோது, அல்லி இலைகளின் பக்கம் விரலை நீட்டிக் காட்டினார். மீன் புரண்ட இடத்திலிருந்து இன்னும் ஒரு பெரிய வட்டம் விரிந்துகொண்டிருந்தது.

“அதுவும் அடங்கட்டும்” என்றார்.

ஓர் பதினாறு பதினாறு என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன்.