ஓடாத காரை ஓட்டும் சாஸ்திரம்

நூலொன்றின் பெயர், வழி, எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் முதலிய எட்டினையும் பாயிரத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது நன்னூலார் விதித்த முறை. அம்முறையைத் தலைமேற்கொண்டு, சிம் ரேசிங் எனப்படும் வித்தையில் புதிதாகப் பிரவேசிப்போருக்கென்று இச்சிறு ஆராய்ச்சியைத் தொடங்குகிறேன். இதன் நுதலிய பொருளாவது, வீட்டின் ஒரு மூலையில் மேஜையொன்றின் முன் அமர்ந்து, அம்மேஜையில் திருகி இறுக்கிய ஸ்டியரிங்கைப் பற்றி, கம்ப்யூட்டர்த் திரையில் தோன்றும் பந்தயக் காரை, உலகத்தின் பல பாகங்களிலும் அவ்வாறே தத்தம் வீட்டு மூலைகளில் அமர்ந்திருக்கும் பிறரோடு போட்டியிட்டு ஓட்டுதல். கேட்போர், அதாவது இதற்கு அதிகாரி, ஒரு மேஜையும் ஒரு நாற்காலியும் வீட்டாருடைய பொறுமையும் ஒருங்கே வாய்க்கப் பெற்றவர். பயனைப் பின்னர் ஆராய்வோம். அதை முதலிலேயே ஆராயப் புகுந்தவர் எவரும் ஸ்டியரிங் வாங்கியதாகத் தெரியவில்லை. எஞ்சியவற்றை நன்னூலார் பொறுத்தருள்க.

இவ்வித்தையின் பூர்வ சரித்திரம் காரில் தொடங்கவில்லை. அமெரிக்காவில் பிங்ஹாம்டன் என்னும் ஊரில் ஆர்கன் வாத்தியம் செய்யும் தொழிற்சாலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க் என்பவர், அவ்வாத்தியத்துக்குரிய துருத்திகளையும் காற்றுப் பம்புகளையும் கொண்டே, தரையை விட்டு ஒருபோதும் எழாத விமானமொன்றை 1929-இல் செய்து முடித்தார். விமானம் ஓட்டப் பழகுவோருக்கு இது உதவும் என்று அவர் சொன்னதைச் செவிமடுத்து வாங்கியவர்கள் பெரும்பாலும் கேளிக்கைப் பூங்கா நடத்துவோரே. 1934-இல் தபால் மூட்டைகளைச் சுமந்துகொண்டு மோசமான வானிலையில் பறக்கப்போன ராணுவ விமானிகள் பலர் மாண்ட பிறகுதான், அந்நாட்டு ராணுவத்துக்கு அதன் அருமை புலப்பட்டது. கார் வம்சத்தில், 1974-இல் அட்டாரி கம்பெனியார் வெளியிட்ட கிரான் டிராக் 10 என்னும் காசு போட்டு ஆடும் யந்திரமே ஸ்டியரிங், கியர், இரண்டு பெடல்கள் ஆகிய சர்வ லட்சணங்களும் பொருந்தி அவதரித்தது. 1998-இல் வந்த கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ், 1967-ஆம் ஆண்டின் பந்தயக் கார்களை அவற்றின் துர்க்குணங்களோடு அப்படியே திரைக்குக் கொணர்ந்தமையால், வாங்கியவர்களில் அநேகர் முதல் வளைவைத் தாண்டுவதையே ஒரு சாதனையாகக் கொண்டாடினர். அதை ஆக்கியோருள் தலைவரான டேவிட் கேமர், பேஸ்பால் குழுவொன்றின் அதிபரான ஜான் ஹென்றியோடு கூடித் தோற்றுவித்த ஐரேசிங் என்னும் கம்பெனி, பந்தயத் தடங்களை லேசர் கொண்டு மேடு பள்ளம் தவறாமல் அளந்து 2008-இல் தன் இணையப் போட்டிச் சாலையைத் திறந்தது. சரித்திரம் இம்மட்டில் நிற்க.

புதியவர் முதலில் பணத்தை எதில் போடுவது என்னும் வினாவில் ஆசிரியர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஸ்டியரிங்கே பிரதானம் என்பது முதற்கட்சி. பிரேக் பெடலே பிராணன், ஏனையவை அலங்காரம் என்பது இரண்டாம் கட்சி. கைக்கு அடக்கமான கேம்பேடே போதும், ஆசை ஆறு மாதம் நிலைத்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்பது மூன்றாம் கட்சி. இதன் அங்கத்தினர்களுள் தகப்பனார்கள் அதிகம். மூன்று கட்சியாரும் கவனியாது விட்ட ஒன்று உண்டு. அதுவே இவ்வாராய்ச்சியின் சித்தாந்தம். அந்த அறையில் மெய்யாகவே ஓடக்கூடிய வாகனம் ஒன்றே ஒன்றுதான், அது நாற்காலி.

புதியவர், கீழே ஐந்து கால்களும் காலுக்கு ஓர் உருளையும் உடைய ஆபீஸ் நாற்காலியில் அமர்ந்து தம் முதல் லேப்பைத் தொடங்குகிறார் என்று கொள்வோம். நேர்த்தடத்தில் வண்டி மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது, வளைவு நெருங்குகிறது, அவர் பிரேக்கை ஓங்கி மிதிக்கிறார். வினை ஒவ்வொன்றுக்கும் சமமான எதிர்வினை உண்டென்று நியூட்டன் 1687-இல் வெளியிட்ட விதி, அவ்வறையிலும் அமலில் இருப்பதால், திரையில் கார் வேகம் குறையாமல் முன்னே பாய, அறையில் நாற்காலி பின்னே உருள, பெடல் காலுக்கு எட்டாத தூரத்தில் நின்றுவிட, கார் சரளையில் புதைந்த அதே கணத்தில் நாற்காலி பீரோவில் முட்டி நிற்கிறது. இவ்விரண்டு விபத்துகளுள், என்ன சத்தம் அது என்று சமையலறையிலிருந்து விசாரிக்கப்படுவது இரண்டாவது மட்டுமே.

இதற்குப் பரிகாரங்கள் பல. உருளைகளைக் கழற்றி வைத்துவிடுவது உத்தமம். பெடல் பலகையையும் நாற்காலியின் தண்டையும் கயிற்றால் பிணைத்துவிடுவது மத்திமம். கயிறு இருப்பதை மறந்து எழுந்து நடப்பவர்களின் கதி தனி ஆராய்ச்சிக்குரியது. உருளை ஒவ்வொன்றையும் ஒரு பழைய ஷூவுக்குள் இறக்கி நிறுத்துவது, செலவில்லாமையால், எங்கும் பெருவழக்காயிருப்பது. இம்மூன்றாம் பரிகாரத்தில் ஒரு நுட்பமான சிக்கலை இங்கே பதிவு செய்வது என் கடமை: நாற்காலிக்குக் கால் ஐந்து, ஷூக்களோ ஜோடி ஜோடியாகவே கிடைப்பன, ஆகவே மூன்று ஜோடிகளைத் தியாகம் செய்தாக வேண்டும், எஞ்சி நிற்கும் ஒற்றை ஷூவை என்ன செய்வதென்பது பற்றிச் சாஸ்திரம் மௌனம் சாதிக்கிறது.

நாற்காலி நிலைபெற்ற பின்னரே பிரேக்கைப் பற்றிப் பேச அருகதை உண்டாகிறது. மலிவான பெடல்கள், கால் எவ்வளவு தூரம் இறங்கிற்று என்பதை அளக்கின்றன. லோடு செல் பொருத்திய பெடல்கள், கால் எவ்வளவு பலம் கொடுத்தது என்பதை அளக்கின்றன. மனிதனுடைய கால் தூரத்தை மறந்துவிடும், பலத்தை மறவாது. அதனாலேயே இரண்டாங்கட்சியார் லோடு செல்லை இவ்வளவு உயர்த்திப் பேசுகிறார்கள். அவர்கள் கூற்றில் நியாயம் உண்டென்பதற்குச் சிறு கணக்கொன்று போதும். 200 கிலோமீட்டர் வேகத்தில் கார் விநாடிக்கு 55 மீட்டருக்கு மேல் கடக்கிறது. அதன் வேகத்தைப் புவியீர்ப்புக்கு ஈடான தடையோடு 100-க்குக் குறைக்க ஏறத்தாழ 118 மீட்டர் தடம் தேவை. விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்து மிதித்தவர் ஐந்தரை மீட்டரை இழக்கிறார். அந்த ஐந்தரை மீட்டரில்தான் வளைவின் வாசல் இருக்கிறது. வேகமாக ஓட்ட வந்தவர் தம் சாதகத்தின் பெரும்பகுதியை மெதுவாக்குவதிலேயே செலவிட நேர்வது இவ்வித்தையின் விநோதங்களுள் தலையாயது. நேர்கோட்டில் முதலில் பலமாக மிதித்து, வளைவுக்குள் நுழைய நுழைய அம்மிதியைச் சிறிது சிறிதாகத் தளர்த்துவதே முறை. புதியவரோ அதைத் தலைகீழாக்கி, முதலில் தடவிப் பார்த்து, வளைவின் நடுவில் பயந்து மிதிக்கிறார். டயர் திரும்புவதற்கும் நிற்பதற்கும் ஒருங்கே வலிமையின்றி வழுக்குகிறது.

கண்ணின் விஷயம் சுருக்கமானது. 27 அங்குல மானிட்டரைக் கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டரில் வைத்தால், அது பார்வையில் பிடிக்கும் கோணம் 53 பாகைதான். விளையாட்டுக்குள்ளும் அதையே அமைத்தால், வளைவின் தூரம் உள்ளபடி தெரியும். உலகம் குறுகிவிட்டதே என்று மனம் பொறாமல் 90 பாகைக்கு விரிப்பவருக்கு வேகம் மிகையாகவும் வளைவு தொலைவிலும் தோன்றும்; இந்தப் பிரமை நீங்கச் செலவு ஏதுமில்லை.

கைக்கு வருவோம். பற்சக்கரத்தால் இயங்குவது, பெல்ட்டால் இயங்குவது, மோட்டாரின் தண்டிலேயே நேராகப் பூட்டப்பெற்ற டைரக்ட் டிரைவ் என ஸ்டியரிங் மூவகைப்படும். முதல் வகையின் திருகுவிசை சுமார் 2 நியூட்டன் மீட்டர். மூன்றாம் வகையில் ஆரம்ப நிலையே அதனினும் மிகுதி. விசை மிகுந்ததே மேல் என்று எண்ணி அமைப்பில் எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றிவைப்பது பெரும்பிழை. ஒவ்வொரு சொல்லையும் உரக்கக் கத்துகிறவன் பேச்சில் எது முக்கியம் என்று தெரியாமற்போவதுபோல, உச்சத்தில் ஓடும் மோட்டார் டயரின் செய்தி எதையும் பிரித்துச் சொல்ல மாட்டாது. கவனிக்க வேண்டிய செய்தி மிக மெல்லியது: முன்டயர்கள் பிடி தளரும் தறுவாயில் ஸ்டியரிங் கனம் குறைந்து லேசாகும். புதியவர் அதை அனுமதியாகக் கருதி மேலும் திருப்புவார். அறிந்தவர் கையைச் சிறிது மீட்பார். மெய்யான காரில் பின்பக்கம் வழுக்கினால் ஆசனத்தின் வழியே இடுப்பு அதை முதலில் உணரும். இங்கே ஆசனம் ஷூக்களின்மேல் நிற்கிறது, அதற்கு ஞானமில்லை, ஆகவே இடுப்பின் உத்தியோகத்தையும் கையும் கண்ணுமே பார்த்தாக வேண்டும்.

முதல் இரவிலேயே பார்முலா ஒன் காரை எடுத்துக்கொண்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடதடத்துக்குப் போவோர் உண்டு. அத்தடம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 21 கிலோமீட்டர். அவர்கள் பார்ப்பது அதில் முதல் ஒன்றரை. ஐரேசிங்கில் புதியவருக்கென்று வகுத்த மஸ்டா எம்.எக்ஸ்-5 என்னும் சிறுவண்டி சாது. செய்த பிழையை உடனே சொல்லிக்கொடுத்துத் திருந்த அவகாசமும் தருவது. அதை விட்டு அகலாதிருப்பதே விவேகம்.

பயன் என்ன என்ற பூர்வபட்சத்துக்கு இனி விடை கூறலாம். பதின்வயதில் வீட்டுக் கம்ப்யூட்டரில் இவ்வித்தையைத் தொடங்கிய வில்லியம் பைரன், 2024-லும் 2025-லும் மெய்யான டேடோனா 500 பந்தயத்தை வென்றார். மறுதிசையில், மெய்யான பந்தயத்தில் புகழ்பெற்ற டேனியல் ஆப்ட், 2020-இல் பார்முலா ஈ நடத்திய வீட்டிலிருந்தே ஓட்டும் போட்டியில் தம் நாற்காலியில் தேர்ந்த சிம் ஓட்டுநர் ஒருவரை அமர்த்தி மூன்றாமிடம் பெற்று, ஆள்மாறாட்டம் வெளிப்பட்டு, 10,000 யூரோ தர்மத்துக்குக் கட்டி, தம்மை அமர்த்தியிருந்த கார்க் கம்பெனியின் பந்தய ஆசனத்தையும் இழந்தார். பொய்க் காருக்காக மெய்க் கார் போயிற்றென்றால், எது பொய் எது மெய் என்ற விசாரணையை வேதாந்திகளுக்கு விட்டுவிடுவதே நலம்.

கடைசியாகத் தண்டனைப் படலம். ஐரேசிங்கில் தடத்தை விட்டு விலகினால் 1 புள்ளி, கட்டுப்பாடிழந்து சுழன்றால் 2, பிறர் வண்டியோடு பலமாக மோதினால் 4. மோதியவர் யார், மோதப்பட்டவர் யார் என்ற விசாரணை கிடையாது. இருவருக்கும் சமமாக விழும். புள்ளிகள் பெருகினால் லைசென்ஸ் வகுப்பு உயராது. இதைக் கேட்டதும் தர்மநியாயம் பேசப் புகும் வாசகர், புதியவர்களின் பந்தயத்தில் முதல் வளைவை ஒருமுறை பார்த்துவிட்டு வருவாராக. ஆதலின் உங்கள் ஆரம்பப் பந்தயங்களில் வேண்டுமென்றே எல்லோருக்கும் பின்னால் புறப்படுங்கள். முன்னே போனவர்களில் பாதிப்பேர் முதல் வளைவிலேயே ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் கிடப்பார்கள். ஓரமாக விலகிச் சென்று, யாரையும் முந்தாமலேயே ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வந்து சேரலாம். வீட்டில் கேட்டால் எத்தனையாவது என்பதை மட்டும் சொல்லுங்கள். எப்படி என்பதை விரிக்க வேண்டியதில்லை.