கோவண்டி அறை விரியுமா?

கேள்வி: பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறதாமே, எங்கள் பத்துக்குப் பத்து அறை மட்டும் ஏன் விரியவில்லை?
– வாசகர், கோவண்டி, மும்பை

பதில்: பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்தும் கரும் ஆற்றலுக்குச் செங்கல்லை அசைக்கத் திராணியில்லை. கன மீட்டருக்குச் சில அணுக்களின் எடைதான் தேறும். கோடிக்கணக்கான ஒளியாண்டு வெற்றிடத்தில்தான் அதன் கை ஓங்குகிறது. விரிவு வேகமெடுப்பதே 1998இல்தான் தெரிந்தது. இந்தக் கரும் ஆற்றல் ஆய்வில் ஊறியவர் இயற்பியலாளர் தாணு பத்மநாபன். திருவனந்தபுரத்தில் படிக்கும்போதே ஆய்வுக்கட்டுரை எழுதியவர். பிறகு உங்கள் மும்பையின் கொலாபாவில் டாட்டா ஆய்வு நிலையம், 1992 முதல் புனே. கரும் ஆற்றல் என்பது வெற்றிடத்தின் எடையாகவே இருக்கலாம் என்பதால், 2003இல் அந்த எடையைப் பற்றியே ஒரு நீண்ட கட்டுரை! அந்த எடையை ஏட்டில் கணக்கிட்டால், வானில் அளந்ததைவிட ஒன்றுக்குப் பின் 120 சுழி மடங்கு அதிகம் வருகிறது. செம்பூர் மளிகைக் கடையில் இப்படிக் கணக்கெழுதினால் அன்றைக்கே சீட்டு கிழியும். வெற்றிடக் கணக்கு ஏன் இப்படி உதைக்கிறது என்று துருவிக்கொண்டிருந்தவருக்கோ 2007இல் பத்மஸ்ரீ வந்தது.